நாலு நிமிடச் சந்தோஷம்

என்ன மாதிரிப் படம் பிடிக்கும் என்று கேட்டால், தமிழ்நாட்டில் நாற்பதைத் தாண்டிய பலர் யோசிக்காமல் சொல்லும் பதில் ‘குடும்பப் படம்’. சண்டைப் படத்துக்கு முதல் நாளே வரிசையில் நிற்பவர்கள்கூட, பெண் பார்க்கப் போன வீட்டில் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். ‘குடும்பத்துடன் கண்டு களியுங்கள்’ என்று சுவரொட்டிகள் அழைத்தன. படம் ஓட ஆரம்பித்ததும் ‘தாய்க்குலத்தின் பேராதரவுடன்’ என்று நாளிதழ் விளம்பரம் சேர்த்துக்கொண்டது. இப்படி அழைத்து உட்காரவைத்துக் காட்டியது என்ன? சொத்துத் தகராறு, நாத்தனார் மூட்டிவிட்ட சண்டை, கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போகும் மூத்த மகன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாயும் அப்பா. ஒரு குடும்பம் உடைவதை இன்னொரு குடும்பம் முறுக்கு தின்றுகொண்டே பார்த்திருக்கிறது.

அப்படியென்றால் வீட்டில் அன்றாடம் கிடைக்கிற சின்னச் சந்தோஷங்கள் தமிழ்ப் படத்தில் எங்கே இருக்கின்றன? எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அம்மா கையால் உருட்டிப் போட்ட சோற்றை வாங்கிச் சாப்பிடுவது, சம்பள நாளில் அப்பா கொண்டுவரும் அல்வாப் பொட்டலம், மின்சாரம் போன இரவில் மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுப்பது. இவற்றுக்குக் கதையில் இடம் மிகக் குறைவு. முக்கால்வாசி பாட்டிலும், மிச்சம் நகைச்சுவையிலும் ஒதுங்கிக் கிடக்கின்றன. பாட்டையே தூக்கி எறிந்த ஓரிருவர் கையில்தான் அவை காட்சிக்குள் நுழைந்தன. இந்த ஏற்பாடு எப்படி உருவானது, எப்படிக் குலைந்தது என்று பார்க்கலாம்.

குடும்பப் படத்துக்கு இலக்கணம் வகுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அது ஏ. பீம்சிங்தான். படத்தொகுப்பாளராக இருந்து இயக்குநரானவர். 1958இல் ‘பதிபக்தி’, 59இல் ‘பாகப் பிரிவினை’, 60இல் ‘படிக்காத மேதை’, 61இல் மட்டும் ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ என்று மூன்று. ‘ப’ எழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, சிவாஜி கணேசனை வைத்து வரிசையாகத் தந்தார். ‘பாகப் பிரிவினை’யில் டி. எஸ். பாலையாவும் எஸ். வி. சுப்பையாவும் அண்ணன் தம்பிகள். ஒரு கை விளங்காத கண்ணையனாகச் சிவாஜி. சிங்கப்பூரிலிருந்து வந்து சேரும் எம். ஆர். ராதா கலகத்தைக் கிளப்ப, ஒன்றாக இருந்த வீடு இரண்டாகிறது. கடைசியில் ஒன்று சேர்கிறார்கள். ‘படிக்காத மேதை’யில் எஸ். வி. ரங்காராவின் வீட்டில் வளர்ந்த அநாதைப் பிள்ளை ரங்கன், செல்வம் போனதும் பெற்ற பிள்ளைகள் முகம் திருப்பிக்கொள்ளும்போது விசுவாசமாக நிற்கிறான். இந்தக் கதைகள் வடக்கேயும் விலைபோயின: ‘பாகப் பிரிவினை’ இந்தியில் ‘கான்தான்’ ஆனது, ‘பாசமலர்’ ‘ராக்கி’ ஆனது.

இப்படங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் ஒரு வேலைப் பிரிவினை கண்ணில் படும். வசனம் துக்கத்தைச் சுமக்கிறது. சந்தோஷம் பாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அண்ணன் தங்கைக்கு என்னவெல்லாம் செய்ய ஆசைப்படுகிறான், கல்யாணம் எப்படி நடக்க வேண்டும், பிறந்த குழந்தையை எப்படிக் கொஞ்சுவது என்பதெல்லாம் கண்ணதாசன் வரிகளிலும் விஸ்வநாதன் – ராமமூர்த்தி மெட்டிலும் நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டு முடிந்ததும் யாராவது கடிதத்தோடோ கடுஞ்சொல்லோடோ வாசலில் நிற்பார்கள். ‘பாசமல’ரின் தாலாட்டில் இந்தப் பிரிவினையே கொஞ்சம் கலங்குகிறது. அண்ணன் ஓரிடத்தில், தங்கை ஓரிடத்தில், மடியில் தத்தம் குழந்தை, டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் மாறி மாறிப் பாடுகிறார்கள். சந்தோஷமும் துக்கமும் ஒரே மெட்டில் உட்கார்ந்திருப்பதால்தான் அது இன்றும் தனியாக நிற்கிறது என்பது என் கணிப்பு.

பாட்டுக்கு இந்த வேலையைக் கொடுத்ததால் யாரும் திட்டமிடாத ஒரு விளைவு ஏற்பட்டது. படம் ஊரைவிட்டுப் போய்விடும், பாட்டு போகாது. இலங்கை வானொலியும், 1957இல் தொடங்கிய விவித பாரதியும் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தன. அடுப்படியில் நின்றவர்களுக்குக் காலையிலும் மாலையிலும் கேட்டது கதையின் சந்தோஷப் பகுதி மட்டும்தான். சண்டையும் சாவும் கொட்டகையிலேயே தங்கிவிட்டன. பீம்சிங் படங்களை இனிமையான படங்கள் என்று நினைவு கூர்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் நினைவில் வைத்திருப்பது வானொலி திரும்பத் திரும்பத் தந்த பாதியை.

இந்தத் தர்க்கத்தை எல்லை வரை இழுத்துக்கொண்டு போன படம் 1975இல் வந்த ‘நாளை நமதே’. இந்தி ‘யாதோன் கி பாராத்’தின் தமிழ் வடிவம், எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். சிறுவயதில் பிரிந்துபோகும் சகோதரர்கள் வளர்ந்த பிறகு ஒருவரையொருவர் கண்டுகொள்வது அம்மா சொல்லிக்கொடுத்த குடும்பப் பாட்டால். குடும்பத்தின் சந்தோஷம் ஒரு பாட்டு என்பது அங்கே கதையின் அடையாளச் சீட்டாகவே ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு வீட்டுக்கொரு பாட்டு என்பது சினிமாவின் வழக்கமானது, கேலிக்கும் இடமானது.

பாட்டுக்கு அடுத்து நகைச்சுவை. தமிழ் சினிமாவில் அப்பாவும் மகனும் சேர்ந்து மகிழ்ச்சியாக இருக்கும் காட்சி ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், நான் சொல்வது 1964இல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குப் படக்கதை சொல்லும் காட்சியை. மகனுக்குச் சினிமா எடுக்கும் பைத்தியம். அப்பாவிடம் பணம் கறக்க வேண்டும். பேய்க்கதையை ஓசைகளோடு சொல்லச் சொல்ல, பெரிய எஸ்டேட் முதலாளியின் முகம் குழந்தை முகமாகிக்கொண்டே வருகிறது. யாரும் யாருக்காகவும் தியாகம் செய்யவில்லை, யாரும் கண்ணீர் விடவில்லை. ஒருவர் கதை சொல்கிறார், ஒருவர் பயந்து கேட்கிறார். பாசம் என்ற சொல் அதில் எங்கும் வருவதில்லை. ஆனால் அப்பன் பிள்ளை உறவை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய அழுகைக் காட்சி எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. பாலையா ‘பாகப் பிரிவினை’யில் பிரிந்துபோன அதே அண்ணன்தான் என்பதை நினைத்தால் இன்னும் வேடிக்கை.

மூன்று வருடம் கழித்து அதே பாலையா, கே. பாலசந்தரின் ‘பாமா விஜய’த்தில் மூன்று மகன்களும் மூன்று மருமகள்களும் உள்ள வீட்டுக்குப் பெரியவர். மேஜர் சுந்தர்ராஜன், முத்துராமன், நாகேஷ் மகன்கள். சௌகார் ஜானகி, காஞ்சனா, ஜெயந்தி மருமகள்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு நடிகை குடிவருகிறாள். அவளுக்கு எதிரே ஏழையாகத் தெரியக்கூடாதென்று மருமகள்கள் வாடகைக்கும் தவணைக்கும் பொருள் வாங்கிக் குவிக்கிறார்கள். கடன் கழுத்தை நெரிக்கிறது. குடும்பம் சினிமாவை எப்படிப் பார்த்தது என்பதைப் பற்றித் தமிழில் வந்த முதல்தர ஆவணம் இந்தச் சிரிப்புப் படம்தான். வரவு செலவுக் கணக்கைப் பாட்டாகவே பாடி, சந்தோஷத்தைக் கெடுப்பது கெட்டவன் யாருமில்லை, மாதக் கடைசிதான் என்று பாலசந்தர் காட்டிவிட்டார். வில்லன் இல்லாத குடும்பப் படம் அப்போது அரிது.

திரையை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கிக் கொட்டகையைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் குடும்பப் படத்தின் உண்மையான சந்தோஷம் பெரும்பாலும் அங்கேதான் நடந்தது. டூரிங் டாக்கீஸில் மணல் தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று தரம். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவரோ தட்டியோ இருக்கும். குடும்பத்தோடு போனவர்கள் குடும்பமாக உட்கார்ந்ததில்லை. அப்பா அந்தப் பக்கம், அம்மாவும் கைக்குழந்தையும் இந்தப் பக்கம், நடுவில் தூது போகிற சிறுவர்கள். இடைவேளையில் வாங்கிய கடலை மிட்டாய் சுவரைத் தாண்டிக் கைமாறும். திரையில் வீட்டை இரண்டாக்கும் காட்சி ஓட, கீழே ஒரு சுவருக்கு இருபுறமும் உட்கார்ந்து அதைப் பார்த்து அழுதார்கள். முதல் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும் வழியில்தான் எல்லோரும் ஒன்று சேர்வார்கள், படத்தைப் பேசுவார்கள். வேலை, சமையல், அதிகாரம் எதுவும் இல்லாத ஒரு மணி நேரம் பல பெண்களுக்கு அந்த நடை மட்டுமே.

அழுகைப் படத்துக்குப் பெண்கள் ஏன் அவ்வளவு ஆசையாகப் போனார்கள் என்பதற்கு அவர்களுக்கு இளகிய மனம் என்று ஆண் விமர்சகர்கள் எழுதிவந்தது சோம்பேறித்தனமான பதில். 1980களில் மதுரையில் தங்கி ஏழை மக்களின் சினிமாப் பழக்கத்தை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி, 1993இல் வெளியான தம் நூலில், பார்வையாளர்களின் சொந்தக் கவலைகளையே படம் கையில் எடுத்து, வாழ்க்கையில் கிடைக்காத ஒரு தீர்வைக் கொடுத்து அனுப்புகிறது என்ற கோணத்தில் விளக்கினார். எனக்கு இதில் பாதி உடன்பாடு. தீர்வைவிட வழக்கு விசாரணைதான் முக்கியமாக இருந்திருக்க வேண்டும். வீட்டில் வாய் திறக்க முடியாத மருமகளின் தரப்பை ஒரு சாவித்திரியோ சௌகார் ஜானகியோ ஊரறிய எடுத்துச் சொல்வதைக் கேட்பது அழுகையாக இருந்தாலும் ஒருவகையில் சந்தோஷம்தான்.

அந்த விசாரணைக்கு 1986இல் ஒரு தீர்ப்பு வந்தது. ஏவி.எம். தயாரித்து விசு எழுதி இயக்கிய ‘சம்சாரம் அது மின்சாரம்’. அம்மையப்ப முதலியாராக விசு, மூத்த மகன் சிதம்பரமாக ரகுவரன், மூத்த மருமகள் உமாவாக லட்சுமி, வேலைக்காரி கண்ணம்மாவாக மனோரமா. வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் பணத்தில் தொடங்கும் வாய்ச்சண்டை, வீட்டின் நடுவே கோடு போடுவதில் முடிகிறது. ‘பாகப் பிரிவினை’க்கு இருபத்தேழு வருடம் கழித்து மறுபடியும் வீடு இரண்டு. ஆனால் முடிவு வேறு. எல்லோரும் மனம் மாறிச் சேர்ந்துவிட்டார்கள் என்று அரங்கமே மூக்கைத் துடைத்துக்கொள்ளத் தயாராகும் நேரத்தில், சேர்த்துவைத்த உமாவே, இனி ஒரே வீட்டில் வேண்டாம், தனித்தனியாக இருந்து பண்டிகை நாளில் கூடுவோம் என்று சொல்லிவிடுகிறாள். அதுவரை கூட்டுக் குடும்பம் பிரிவதுதான் துக்கம் என்று பழக்கிவந்த சினிமா, பிரிந்தால்தான் சந்தோஷம் மிஞ்சும் என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டது. தாய்க்குலம் அதைக் கைதட்டி ஏற்றுக்கொண்டது. நலமான பொழுதுபோக்கைத் தரும் சிறந்த வெகுஜனப் படத்துக்கான தேசிய விருது தமிழுக்கு முதன்முதலாக வந்தது அந்தப் படத்தால்தான். மேடை நாடகத்தின் வாடை அதில் நிறைய உண்டு. எல்லோரும் கூடத்தில் நின்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். விசு, பாலசந்தர், ‘வியட்நாம் வீடு’ சுந்தரம் என்று இந்த வகையை வளர்த்த பலரும் சபா மேடையிலிருந்து வந்தவர்கள். மேடையில் ஒரே கூடம். கூடத்தில் சண்டை போடலாம், சமையல் செய்ய முடியாது. அடுப்படி நம் குடும்பப் படத்தில் கண்ணில் படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுப்படியை உள்ளே கொண்டுவந்தவர் பாலு மகேந்திரா. ‘வீடு’ 1988. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில் சுதா என்ற அலுவலகப் பெண் கடன் வாங்கிச் சொந்த வீடு கட்ட முயல்கிறாள்; கூட ஒரு தங்கையும் தாத்தாவும். சுதாவாக அர்ச்சனா, தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர். படத்தில் பாட்டே கிடையாது. இளையராஜா தம் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பின் இசையைப் பின்னணிக்குத் தந்தார். பாட்டு என்ற பெட்டி இல்லாததால், அதில் போட்டு மூடிவைத்திருந்த சந்தோஷம் எல்லாம் காட்சிகளில் பரவ வேண்டியதாயிற்று. காய் நறுக்குவது, மழைக்கு ஒதுங்குவது, மனையில் நின்று இது கூடம் அது சமையலறை என்று கைநீட்டுவது. தாத்தா ஒருநாள் தனியாகக் கிளம்பிப்போய், பாதி எழும்பிய வீட்டுக்குள் நடந்து சுவரைத் தடவிப் பார்க்கிறார். தமிழில் எடுக்கப்பட்ட மிக நீளமான சந்தோஷக் காட்சிகளில் அது ஒன்று. அதில் ஒரு வசனமும் தேவைப்படவில்லை. திரும்பும் வழியில் அவர் சாய்ந்துவிடுவதும், வீடு முடியாமலே நிற்பதும் வேறு விஷயம். அடுத்து ‘சந்தியா ராகம்’ எடுத்தார். அதற்குக் கிடைத்த தேசிய விருது ‘குடும்ப நலம்’ என்ற பிரிவில். முதியவர் ஒருவர் முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேரும் படத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தியதை அரசாங்கம் கவனித்ததா தெரியாது.

பாட்டில்லாமல் வீட்டு மகிழ்ச்சியைப் படமாக்க முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஜப்பானைக் காட்டலாம். ‘பாகப் பிரிவினை’ வந்த அதே 1959இல் யசுஜிரோ ஓசு ‘ஒஹாயோ’ எடுத்தார். தொலைக்காட்சிப் பெட்டி வாங்கித் தரச்சொல்லி இரண்டு சிறுவர்கள் பேசாவிரதம் இருக்கிறார்கள், கதை அவ்வளவுதான். ஆனால் ஓசுவுக்குப் பின்னால் ஷோச்சிகு என்ற நிறுவனம் இருந்தது. சாதாரண வீடுகளின் கதையையே தன் முத்திரையாக்கி, பல ஆண்டுகள் அதற்கென்று பார்வையாளர்களைப் பழக்கியிருந்தது. நம் ஸ்டுடியோக்களில் அப்படி யாரும் அதற்குப் பொறுமை காட்டவில்லை. சிவாஜி சம்பளம் வாங்கிக்கொண்டு வந்து வெறுமனே காய் நறுக்கினால் யார் விடுவார்கள்!

சந்தோஷத்தையே முழுக்கதையாக்கத் துணிந்தவர் ஒருவர் உண்டு, அவருக்குக் கிடைத்தது கேலி. விக்ரமனின் ‘பூவே உனக்காக’, ‘சூர்யவம்சம்’, ‘வானத்தைப் போல’ ஆகியவற்றில் ஏறக்குறைய எல்லோரும் நல்லவர்கள். எஸ். ஏ. ராஜ்குமாரின் ஹம்மிங் எங்கும் ஓடும். ஒரே பாட்டில் நாயகன் பஸ் முதலாளியாகிவிடுவான். சந்தோஷம் பாட்டுக்குள் அடங்கியிருந்த பழைய ஏற்பாட்டைத் தலைகீழாக்கி, படத்தையே பாட்டு மாதிரி எடுத்தார் என்று சொல்லலாம். ‘வானத்தைப் போல’ தேசிய விருதும் பெற்றது. புத்திசாலிகள் சிரித்தோம். ஆனால் ‘சூர்யவம்ச’த்தில் தேவயானி இட்லியை உதிர்த்து உப்புமா செய்யும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து, இன்றைக்கும் வீட்டில் யாராவது இட்லி உப்புமா கிளறினால் அந்தப் படத்தின் பெயர் வராமல் இருப்பதில்லை. சோதனை வேறு என்ன வேண்டும்?

தொலைக்காட்சி இந்தக் கதையில் இரண்டு முறை வருகிறது. 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய சென்னைத் தூர்தர்ஷனின் ஞாயிற்றுக்கிழமைப் படம், தெருவுக்கு ஒரு பெட்டி இருந்த காலத்தில் அடுத்த வீட்டுக் கூடத்தைக் கொட்டகையாக்கியது. கல்யாண வீடுகளில் டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போட்டார்கள். அப்போதும் குடும்பம் ஒன்றாகத்தான் உட்கார்ந்தது, அதுவும் இடையில் சுவர் இல்லாமல். இரண்டாவது வருகை சன் டிவியோடு. 1999இல் ‘சித்தி’, பிறகு ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’. குடும்பப் படத்தின் சண்டைப் பாதியை நெடுந்தொடர் மொத்தமாக எடுத்துக்கொண்டது. இரண்டரை மணி நேரத்தில் தீர வேண்டிய நாத்தனார் வழக்கு ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்கியது. தாய்க்குலம் வீட்டிலேயே தங்கிவிட்டதும், கொட்டகை இளைஞர்கள் கைக்குப் போனது. இதை எல்லோரும் புலம்பலாகச் சொல்கிறார்கள். ஒரு நல்லதும் நடந்தது: சண்டை வேறு வீட்டுக்குக் குடிபோனதால், குடும்பத்தைக் காட்ட விரும்பும் படத்துக்கு வேறு சரக்கு தேட வேண்டிய கட்டாயம் வந்தது.

2015இல் திரைக்கு வந்த மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ அப்படித் தேடிய படம். சென்னைக் குடிசைப் பகுதியில் இரண்டு சிறுவர்கள். அப்பா சிறையில், அம்மா வேலைக்குப் போகிறாள். பிள்ளைகளுக்குப் பீட்சா மேல் ஆசை. விளம்பரத் தாளில் இருக்கும் படத்தைப் பார்த்துப் பாட்டி தோசை மாவில் காய்களைப் போட்டு ஒரு பீட்சா சுட்டுத் தருகிறாள். பையன்கள் அதை ஏற்பதில்லை. இந்த இடத்தைப் பீம்சிங் எடுத்திருந்தால் பாட்டி அழுதிருப்பாள், பின்னணியில் ஷெனாய் வந்திருக்கும். இங்கே வறுமையும் கேலியும் பிரியமும் ஒரே கல்லில் வேகின்றன. கடைசியில் உண்மையான பீட்சாவைத் தின்னும்போது பாட்டி சுட்ட தோசையே தேவலை என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. அப்போது பாட்டி உயிரோடு இல்லை. அந்தத் துக்கத்தைக்கூட யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

2025 ஜனவரியில் வந்த ‘குடும்பஸ்தன்’ பாலசந்தர் விட்ட இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. வேலை போனதை வீட்டில் மறைத்துக் கடன்மேல் கடன் வாங்கும் கணவன், கைநீட்டும் உறவுகள், மாதக் கடைசி. அதே ஆண்டு மே மாதத்தில் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில், இலங்கையிலிருந்து கள்ளத்தனமாக வந்து சேரும் ஒரு குடும்பம் சென்னைத் தெரு ஒன்றில் அக்கம்பக்கத்தாரோடு பழகிப் பழகியே பிழைத்துக்கொள்கிறது. இரண்டிலும் வீட்டுக்குள் வில்லன் கிடையாது. இரண்டுமே பெரிய நட்சத்திரப் பட்டாளம் இல்லாமல் ஓடின. தவணைக்கு வாங்கிய பொருள்களோடு ‘பாமா விஜய’த்தின் மருமகள்கள் பட்ட அவதியைக் கைபேசிக் கடன் செயலிகளோடு இந்தக் கணவன் படுகிறான். வித்தியாசம் என்னவென்றால், அவன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து, ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். மேடையிலிருந்து வந்த குடும்பப் படத்தில் ஒருவர் வசனம் முடியும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். எந்த வீட்டில் அப்படிக் காத்திருக்கிறார்கள்?